சம்பந்திக்கு அந்நிய விலை

சம்பந்தி நமக்குச் சொந்தமா என்று யாராவது கேட்டால், வருமான வரிச் சட்டப்படி இல்லை என்றுதான் சொல்வேன். ஒரு கல்யாண மண்டபத்தில், அதுவும் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, இந்தப் பதிலைச் சொல்லி என் நாத்தனாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவள் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். சட்டத்தில் இருப்பதைத்தானே சொன்னேன்? கணவன், மனைவி, கூடப் பிறந்தவர்கள், பெற்றவர்கள், அவர்களைப் பெற்றவர்கள், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அத்தோடு உறவு முடிந்தது. மாமியார் கிடையாது, மருமகன் கிடையாது, நாத்தனார் சுத்தமாகக் கிடையாது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், என் நாற்காலியில் இன்று உட்கார்ந்திருக்கும் பெண். புதுச் சட்டம் வந்து பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டனவாம். தலை சுற்றிப்போய் என்னைக் கூப்பிட்டாள். எண் மாறட்டும் கண்ணு, விஷயம் மாறவில்லை என்று சொன்னேன். வெளிநாட்டில் இருக்கும் உறவுக்காரன் கம்பெனிக்கு நீ ஒரு பொருளை விற்றால், முன்பின் தெரியாத அந்நியனுக்கு என்ன விலைக்கு விற்பாயோ அந்த விலைக்கு விற்க வேண்டும். சல்லிசாகக் கொடுத்தால், இங்கே வர வேண்டிய லாபம் அங்கே போய்விடும். அதோடு இங்கே கட்ட வேண்டிய வரியும் போய்விடும். அதனால் அரசாங்கம் கேள்வி கேட்கும். "அவ்ளோதானா மேடம்?" என்றாள். அவ்வளவுதான். அந்த அவ்வளவில் நான் பட்ட பாட்டை எழுதிக் கொடுங்கள் என்றாள். இதோ எழுதுகிறேன், படித்துவிட்டு அழாமல் இருந்தால் சரி.

நான் வியாசர்பாடிக்காரி. பி.காம். முடித்துவிட்டுப் பாரிமுனையில் ஒரு ஆடிட்டரிடம் சில வருடங்கள் கூட்டல் கழித்தல் போட்டேன். அதற்குப் பயிற்சி என்று பெயர். பாதி நேரம் அவருடைய ஸ்கூட்டருக்கு இன்ஷூரன்ஸ் கட்டப் போய்வந்தேன். பிறகு திருவொற்றியூரில் கயிறு தயாரிக்கும் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்து, காலடிப்பேட்டையில் வீடு பார்த்துக்கொண்டு, ஓய்வு பெறும்வரை அங்கேயேதான் இருந்தேன். கயிறு என்றால் கிணற்றுக் கயிறு என்று நினைக்க வேண்டாம். கப்பலைத் துறைமுகத்தில் கட்டி நிறுத்தும் கயிறு. ஒரு சுருளை நகர்த்த நாலு ஆள் வேண்டும்.

முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்போம். திருநெல்வேலிப் பக்கத்தவர். ஏ.சி. போட்ட அறை ஒன்று அவருக்கு உண்டு. அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எடை மேடைக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுச் சுருள்மேல்தான் உட்காருவார். கையெழுத்து வாங்கப் போனால், நான் போட்ட கூட்டலை உதடு அசைய மறுபடி கூட்டிப் பார்ப்பார். கம்ப்யூட்டர் போட்ட கணக்கு அண்ணாச்சி என்றால், "அதையும் ஒரு மனுசன்தானே செஞ்சான்" என்பார். சரியாக இருந்தால் பாராட்ட மாட்டார். தப்பாக இருந்தால் திட்டவும் மாட்டார். பேனாவை மூடித் திரும்பக் கொடுத்துவிட்டுக் கடல் பக்கம் பார்ப்பார். அதற்கு நாலு வார்த்தை திட்டிவிடலாம் என்றிருக்கும் எனக்கு.

எங்கள் கயிற்றில் பெரும்பங்கை வாங்கியவர் சிங்கப்பூரில் கப்பல்களுக்குச் சாமான் சப்ளை செய்யும் ஒரு பெரியவர். அவரும் அண்ணாச்சியின் ஊர்ப் பக்கம்தான். ஆரம்பத்தில் இருவரும் வெறும் வியாபாரிகள். போனில் மணிக்கணக்கில் பேரம் பேசுவார்கள், ஏசிக்கொள்வார்கள், கடைசியில் கொடுத்து வாங்குவார்கள். ஒருமுறை கயிறு பார்க்க வந்தவர், எடை மேடையில் நின்று எடைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த அண்ணாச்சியின் மகள் புஷ்பாவைப் பார்த்தார். கல்லூரி லீவில் வந்து அப்பாவுக்கு உதவி செய்துகொண்டிருந்தாள். அடுத்த வருடமே அவருடைய பையனுக்கும் புஷ்பாவுக்கும் கல்யாணம் ஆனது. அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

ஏனென்றால், பெண்ணைப் பெற்றவர் பிள்ளையைப் பெற்றவர் முகத்துக்கு நேரே எதையும் மறுக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். சம்பந்தி வாயைத் திறந்து விலையைக் குறைக்கச் சொன்னால் அண்ணாச்சி குறைத்தே ஆக வேண்டும். அது நியாயமில்லை என்று சிங்கப்பூர்ப் பெரியவருக்கும் தெரியும். கண்ணியமான மனிதர், நேரில் கேட்கவே மாட்டார். ஆனால் பேரம் பேசாமல் வியாபாரம் செய்யவும் அவரால் முடியாது. என்ன செய்தார்கள்? நடுவில் என்னைப் போட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வீடியோவில் பேசுவார்கள். சம்பந்தி சுகமா, சர்க்கரை எப்படி இருக்கு, மாத்திரை ஒழுங்காப் போடுதியளா என்று ஒரே பாசமழை. விலை என்ற சொல் அங்கே வராது. திங்கட்கிழமை காலை நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் என் போனில் சிங்கப்பூரிலிருந்து குரல் செய்தி வந்து கிடக்கும்.

"சௌந்தரி, நல்லா இருக்கியாம்மா? உங்க முதலாளிகிட்ட சொல்லு. தானா வெலை எறங்கி எம்புட்டு நாளாச்சு. அவருக்கு மட்டும் காது கேக்கலியா? இந்த வெலைக்கு எவனாவது கண்ணு தெரியாதவன் இருப்பான், அவனைத் தேடிப் போய் விக்கச் சொல்லு."

தானா என்பது கயிறு செய்யும் பிளாஸ்டிக் குருணை. இதை நான் எடை மேடைக்குப் போய் அண்ணாச்சிக்குப் போட்டுக் காட்டுவேன். அவர் கேட்டுவிட்டு, அந்தக் கஞ்சனிடம் இப்படிச் சொல், அந்தப் பிசுநாறியிடம் அப்படிச் சொல் என்று பொரிவார். நான் என் மேசைக்கு வந்து, "அண்ணாச்சி யோசிச்சுச் சொல்றேன்னாரு ஐயா" என்று அனுப்புவேன். வியாசர்பாடியில் பிறந்தவள் நான், எனக்குத் தெரியாத ஏச்சா? இருந்தும் அந்த இருவரிடம் சிலதைப் புதிதாகக் கற்றுக்கொண்டேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியாத புதிராக இருந்தது. அந்தப் பெரியவருக்கு எங்கள் கம்பெனி விஷயம் எல்லாம் தெரிந்தது. இரண்டாம் மிஷின் ரிப்பேர் ஆகி நின்றால் தெரியும். தானா லாரி வந்தால் தெரியும். எங்கள் அடக்க விலைக்குச் சற்று மேலே, சரியாக அந்த இடத்தில் வந்து பேரத்தை நிறுத்துவார். ஒரு ரூபாய் கீழே போனால் எங்களுக்கு நஷ்டம், ஒரு ரூபாய் மேலே போக அவர் விடமாட்டார். யாரோ உளவு சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

இதற்கிடையில் புஷ்பாவுக்குக் குழந்தை பிறந்தது. பெரியவருக்குத் தலைகால் புரியவில்லை. சிங்கப்பூர்க் கம்பெனியில் பாதிக்கு மேற்பட்ட பங்குகளை மருமகள் பேருக்கே எழுதிவிட்டார். செய்தி வந்த அன்று கம்பெனி முழுவதும் அல்வா. அண்ணாச்சி தன் கையால் எனக்கு ஒரு துண்டு கொடுத்தார். வாயில் போட்டேன், தொண்டையில் நின்றுவிட்டது. அதுவரை சம்பந்தி, சட்டத்துக்கு அந்நியர். அவர் கம்பெனிக்கு நாங்கள் என்ன விலைக்கு விற்றாலும் கேட்பாரில்லை. இப்போது இங்கே அப்பா முதலாளி, அங்கே மகள் முதலாளி. மகள் சட்டப்படி உறவு. ஒரே நாளில் இரண்டும் உறவுக் கம்பெனிகள் ஆகிவிட்டன.

அண்ணாச்சியிடம் விளக்கினேன். இனிமேல் ஒவ்வொரு வருடமும் ஆடிட்டர் சான்று வேண்டும், புஷ்பா கம்பெனிக்கு அந்நியனுக்கு விற்கிற விலைக்குத்தான் விற்க வேண்டும் என்றேன். "என்னிக்கும் அப்படித்தானேம்மா விக்கேன். சம்பந்தி எந்த அந்நியனுக்குக் கொறஞ்சவரு?" என்றார். புஷ்பா பேருக்குத்தான் பங்குதாரர், அவளுக்கு வியாபாரம் ஒன்றும் தெரியாது, பிள்ளையைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கிறது என்றும் சொன்னார். நானும் நம்பினேன்.

அடுத்த பொங்கலுக்கு அண்ணாச்சி ஒரு காரியம் செய்தார். மகளுக்குச் சீர் அனுப்ப வேண்டும். விமானத்தில் அனுப்பினால் எடைக்குக் காசு பிடுங்குகிறான். இங்கேயோ கயிறு ஏற்றிய கன்டெய்னர் சிங்கப்பூருக்குப் போகிறது, மூலையில் இடமும் இருக்கிறது. குத்துவிளக்கு ஒரு ஜோடி, பித்தளைப் பானை, பட்டுப் புடவை, முறுக்கு டின், கருப்பட்டிப் பெட்டி எல்லாவற்றையும் கயிற்றுச் சுருளுக்கு நடுவில் செருகச் சொல்லிவிட்டார். ஒரு தடவை செய்து ருசி கண்டபின் தீபாவளிக்கும் அப்படியே. எனக்குத் தெரிந்தபோது கன்டெய்னர் எப்போதோ கடலில்.

கன்டெய்னர் ஏற்றும் பொறுப்பு காசிமேட்டு கஜாவுடையது. ஏற்றும் சரக்கின் பட்டியலில் அவன் சீர் சாமான் அத்தனையையும் வரிசையாக எழுதி, எதிரே 'விலை இல்லை' என்று போட்டிருந்தான். ஏன்டா எழுதினாய் என்று பாய்ந்தேன்.

"இன்னா மேடம், பொட்டில கீறதைத்தான எழுத முடியும்? ஹார்பர்ல தொறந்து பாத்து, கயித்துக்குள்ள பான இன்னாத்துக்குன்னா, நீங்களா வந்து பதில் சொல்வீங்க?" என்றான் கஜா. அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

சில வருடம் கழித்து நோட்டீஸ் வந்தது. உறவுக் கம்பெனிகளுக்கிடையே விலை சரியா என்று பார்ப்பதற்கென்றே வரித்துறையில் தனி அதிகாரி உண்டு. அப்போதெல்லாம் நேரில் போக வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் கோயம்புத்தூர்க்காரர். குரலை உயர்த்த மாட்டார். பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் குடித்துக்கொண்டு, சீவிய பென்சிலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போவார். எந்த இடத்தில் பென்சில் நிற்கிறதோ அங்கே நமக்கு ஆபத்து. கம்பெனி ஆடிட்டரும் என்னோடு வந்தார். ஆனால் அவர் பேசியதெல்லாம் வணக்கம் சார், சரி சார் என்ற இரண்டும்தான்.

கொழும்பில் எங்களுக்கு வேறொரு வியாபாரி உண்டு, எந்த உறவும் இல்லாதவர். அதே கயிற்றை அவர் கூடுதல் விலைக்கு வாங்கியிருந்தார். பென்சில் அங்கே நின்றது. மகளுக்குக் குறைந்த விலை, அந்நியருக்கு அதிக விலை ஏன் என்றார். நான் தயாராகத்தான் போயிருந்தேன். கொழும்புக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறவர். கப்பல் கூலி எங்களுடையது. பணம் மெதுவாக வரும். கயிறு பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவார். சிங்கப்பூர் மொத்தமாகக் கன்டெய்னர் கணக்கில் எடுக்கும், நம் துறைமுகத்தோடு நம் பொறுப்பு முடிந்தது, முன்பணம் உண்டு, திருப்பி அனுப்புவதே இல்லை. இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டு ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அப்போது அவர் கஜாவின் பட்டியலை எடுத்தார்.

"இந்தக் குத்துவிளக்கு கயித்துல எந்தப் பாகமுங்க?" என்றார்.

சீர் என்று சொன்னேன். கோயம்புத்தூர்க்காரருக்குச் சீர் தெரியாமல் இருக்குமா? தலையை ஆட்டினார். பிறகு, அதே மெல்லிய குரலில் கேட்டார்: "கயித்துக்கு நடுவுல சீர் வெச்சு அனுப்பற அளவுக்குப் பாசம் இருக்கற எடத்துக்கு, கயிறு மட்டும் அந்நிய வெலைக்குப் போகுதுன்னு சொல்றீங்க. விலையை யாரு, எப்படிப் பேசி முடிவு பண்றீங்கன்னு காட்டுங்க, ஏத்துக்கறேன். இல்லாட்டி வித்தியாசத்தை வருமானத்துல சேத்துருவேங்க."

நியாயமான கேள்வி. எனக்கே அவர்மேல் மரியாதை வந்தது. நாலைந்து வருடத்துக்குச் சேர்த்து வந்தால், புது மிஷினுக்கென்று வைத்திருந்த பணம் அத்தனையும் வரிக்கே போய்விடும். அதைவிட, மகளுக்கு லாபத்தைக் கடத்தினார் என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிடும்.

கம்பெனிக்குத் திரும்பி வந்து அண்ணாச்சியிடம் இரண்டு வழி சொன்னேன். ஒன்று, என் போனில் இருக்கும் குரல் செய்திகளை அதிகாரிக்குப் போட்டுக் காட்டுவோம். இதைக் கேட்கிற எவனும் பாசம் என்று சொல்ல மாட்டான். இரண்டு, சிங்கப்பூர்க் கம்பெனி வேறு ஆட்களிடமும் கயிறு வாங்குகிறதே, அவர்களுக்கு என்ன விலை கொடுக்கிறது என்று கேட்டு வாங்குவோம். அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அண்ணாச்சி இரண்டுக்கும் மறுத்துவிட்டார். "சம்பந்திகிட்டப் போய் உம்ம கணக்கைக் காட்டும்னு கேக்கச் சொல்லுதியா? அதுக்கு நான் வரியே கட்டிருதேன்" என்றார். குரல் செய்திக்கு வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "அவரு என்னை ஏசுனது கவர்மென்ட் காயிதத்துல ஏறும். புஷ்பா அங்க முதலாளி, அவளுக்கும் ஒரு காப்பி போவும். என் புள்ள அந்த வீட்டுச் சோத்தைத் திங்கணும்லா சௌந்தரி. மாமனாரு அப்பனை இப்படிப் பேசுதாருன்னு தெரிஞ்சா எப்படி எறங்கும்?"

  வரியைப் பற்றி நான் பேசிக்கொண்டிருக்கிறேன், அந்த மனிதர் இத்தனை வருடமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் அந்த ஏச்சை மகள் காதில் விழாமல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவத்தை வைத்து வரிக்கணக்குப் போட முடியாதே.

அடுத்த விசாரணைக்குத் தானே வந்து பேசுவதாகச் சொன்னார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. அதிகாரி மரியாதையாக உட்காரச் சொல்லி, சம்பந்தி விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதுண்டா என்றார். உண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மேசைக்கு அடியில் அண்ணாச்சியின் காலை மிதித்தேன். இடம் போதவில்லை என்று நினைத்துக் காலைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

"எங்க சம்பந்தி தங்கமான மனுசருய்யா. நான் சொன்ன வெலைக்கு மறுவார்த்தை பேசுனதே கெடையாது."

அதிகாரியின் பென்சில் அந்தரத்தில் நின்றது.  "ஐயா, எனக்கும் ஒரு சம்பந்தி இருக்காருங்க" என்றார். பிறகு பெருமூச்சு விட்டு, அண்ணாச்சி சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். ஆடிட்டர் சரி சார் என்றார். அவரை அங்கேயே ஏதாவது செய்யலாமா என்றிருந்தது எனக்கு.

படிக்கட்டில் இறங்கும்போது என் நாக்கு பழைய பேட்டைக்குப் போய்விட்டது. "இன்னா அண்ணாச்சி இது? நானு இங்க மாடா ஒழச்சிகினு கீறேன், நீங்க ஒரே வார்த்தைல எல்லாத்தையும் கவுத்துட்டீங்களே. பேரமே இல்லன்னா பாசத்துக்குக் குடுத்ததுன்னுதான அர்த்தம்?" என்றேன். அவர் கோபப்படவில்லை. "வரி போனா சம்பாதிச்சுக்கிடலாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார். 

நான் கம்பெனிக்கு வந்ததும் மொட்டை மாடிக்குப் போய் புஷ்பாவைக் கூப்பிட்டேன். அண்ணாச்சி வேண்டாமென்றது சம்பந்தியைக் கேட்கத்தானே. புஷ்பாவைக் கேட்காதே என்று அவர் சொல்லவில்லை. இப்படி ஓட்டை பார்த்தே பிழைத்தவள் நான். ஏச்சை எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி, உன் மாமனார் சில நேரம் கொஞ்சம் காரமாகப் பேசுவார் என்று ஆரம்பித்தேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. போச்சு, ஒரு குடும்பத்தைக் கலைத்துவிட்டேன் என்று வியர்த்துவிட்டது. அப்புறம் பார்த்தால், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"அக்கா, அதுல ஏசுறது மட்டும்தான் மாமா. வெலை நான்."

எனக்கு விளங்கவில்லை. அவள் நிதானமாகச் சொன்னாள். கல்யாணமான மறுவருடத்திலிருந்தே அங்கே கொள்முதல் முழுக்க அவள்தான் பார்க்கிறாள். அப்பாவிடம் மகள் பேரம் பேசினால் நன்றாக இருக்காது என்பதால், விலையை அவள் சொல்லிக் கொடுப்பாள், மாமனார் தன் காரத்தைச் சேர்த்துப் பேசுவார். எங்கள் மிஷின் நின்றது, தானா லாரி வந்தது எல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அம்மாகிட்ட தினமும் பேசுதேன்லா" என்றாள். நான் இத்தனை நாள் கஜாவில் தொடங்கி வாட்ச்மேன் வரை சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். உளவாளி அண்ணாச்சிக்கே மூன்று வேளையும் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மறு விசாரணைக்குப் புஷ்பாவே விமானம் ஏறி வந்துவிட்டாள். வரி அலுவலக வராந்தாவில் மகளைப் பார்த்ததும் அண்ணாச்சிக்கு ஒன்றும் ஓடவில்லை. "ஏளா, நீ எங்க இங்க? பிள்ளைய யாரு பாக்கா?" என்றார். மாமா பார்த்துக்கொள்கிறார் என்று சொல்லிவிட்டு, நேரே அதிகாரியின் அறைக்குள் போய் வணக்கம் வைத்து உட்கார்ந்தாள். குரல் செய்தி எதையும் அவள் பேச்சில் எடுக்கவில்லை. தன் கம்பெனி வேறு இரண்டு நாட்டுத் தயாரிப்பாளர்களிடம் வாங்கிய கயிற்றின் பில்களை வைத்தாள். அவர்கள் யாரும் உறவில்லை. அதே தடிமன், அதே நீளம், அதே மாதிரி கன்டெய்னர் கணக்கு, அதே முன்பணம். கொழும்புக் கணக்கில் நான் விளக்க வேண்டியிருந்த எந்த வித்தியாசமும் இதில் இல்லை.

பென்சில் வரிவரியாக இறங்கியது. பாதியில் நின்றது. 

"ஏனுங்கம்மா, அவங்களுக்குக் குடுத்ததைவிட உங்கப்பாவுக்குக் கொஞ்சம் கூடக் குடுத்திருக்கீங்களே?"

"ஆமா சார். கயிறு நல்ல கயிறு, ஒண்ணுகூட அறுந்து திரும்பி வந்ததில்ல" என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அதுவும் போக, அதுக்குக் கீழ போனா அப்பாவுக்குக் கட்டாது. மத்தவங்களுக்குக் கட்டுதா கட்டலையான்னு எனக்குத் தெரியாது. இவங்களுக்கு எது கட்டும்னு தெரியும்."

அதிகாரி வெந்நீரை ஊற்றிக் குடித்தார். இந்தியாவுக்கு வர வேண்டியது குறையாமல், ஒரு கை கூடவே வந்திருக்கிறது, கயிற்று விலையில் கேட்க எனக்கு ஒன்றுமில்லை என்றார். இனி கூடக் கொடுத்தது ஏன் என்று சிங்கப்பூர் வரிக்காரர் கேட்டால்தான் உண்டு என்று புஷ்பாவைப் பார்த்துச் சொன்னார். அதற்கு நல்ல கயிறு என்ற பதில் இருக்கிறது என்றாள். சீரை மட்டும் அவர் விடவில்லை. குத்துவிளக்கிலிருந்து கருப்பட்டி வரை அந்நியனுக்கு விற்றால் என்ன விலை வருமோ அதைக் கணக்கிட்டு வருமானத்தில் சேர்த்தார். சீருக்கு வரியா என்று அண்ணாச்சி துள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காதிலேயே விழவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வராந்தாவுக்கு வந்ததும்தான் வெடித்தார். அந்நியனைவிடக் கூடக் கொடுக்க நான் என்ன உன்னிடம் கையேந்தினேனா, இத்தனை வருடம் எனக்குப் பிச்சையா போட்டாய், வருகிற மாதமே அவர்கள் விலைக்கு இறக்கு என்றார். இறக்க மாட்டேன் என்றாள் புஷ்பா. விற்கிறவர் குறைக்கச் சொல்கிறார், வாங்குகிறவள் முடியாது என்கிறாள். என் உத்தியோக காலத்தில் இப்படி ஒரு பேரத்தை நான் பார்த்ததில்லை. இருவரும் குரலை உயர்த்த, பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் இருவரையும் ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன்.

அங்கே போனதும் அண்ணாச்சி சட்டென்று அடங்கிவிட்டார். சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"புஷ்பா, அந்த வீட்ல உன்ன நல்லா வச்சிருக்காவளா?"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் கேட்காத கேள்வி அது. கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயத்திலேயே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சம்பந்தியின் சர்க்கரையை விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.  புஷ்பா அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த வீட்ல வெலை சொல்லுததே நான்தான்ப்பா."

அண்ணாச்சி அழுதார். சத்தியமாக, அந்த வராந்தாவில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, தேம்பித் தேம்பி அழுதார். அவளும் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆடிட்டருக்குத் தெரியக் கூடாது என்று திரும்பி நின்றுகொண்டேன். பிறகு அண்ணாச்சி துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எப்படியும் விலையைக் குறைத்தே ஆக வேண்டும் என்று மறுபடி ஆரம்பித்தார். அவள் கடைசிவரை குறைக்கவே இல்லை.